குறியின் முடிவில் ஒரு சாய்கோடு: எங்கே மூடும், எங்கே மூடாது

வெள்ளவத்தையில் மாலை வேளைகளில் வலைப்பக்க ஆக்கம் கற்பிக்கும் என்னிடம், ஒவ்வொரு புதிய குழுவும் இரண்டாம் வாரத்துக்குள் கேட்டுவிடுகிற வினா ஒன்றுண்டு: "சேர், பிஆருக்குக் கடைசியில ஸ்லாஷ் போடவேணுமா, போடக்கூடாதா?" பிஆர் என்பது பக்கத்தில் வரியை முறிக்கும் குறி, ஸ்லாஷ் என்பது / என்ற சாய்கோடு. கேட்கும் பிள்ளையிடம் பெரும்பாலும் மூன்று சான்றுகள் இருக்கும். அண்ணன் விட்டுச்சென்ற பழைய கொப்பியில் ஸ்லாஷ் இருக்கும். இணையத்தில் பார்த்த புதிய பாடத்தில் அது இராது. கம்பனியொன்றில் பயிற்சிக்குப் போயிருக்கும் அக்காவின் ரியாக்ட் (வலைப்பக்கங்களை ஆக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பு) கோப்பிலோ ஸ்லாஷ் இல்லாவிட்டால் நிரல் ஓடவே மறுக்கும். மூன்றும் தத்தம் இடத்தில் சரியானவை என்று நான் சொல்லும்போது எதிரிலிருக்கும் முகங்களில் ஏமாற்றம் தெரியும். ஆனாலும் விடை அதுதான். அது ஏன் என்பதை விளக்கத்தான் சற்று நேரம் வேண்டும்.

இக்கட்டுரையில் குறிகளின் பெயர்களை வகுப்பில் வாயாற் சொல்லுகிற ஒலியிலேயே தமிழெழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் அவை உரோம எழுத்திலேயே தட்டச்சாக வேண்டும். அந்தக் கட்டாயத்துக்கும் இந்தச் சாய்கோட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். டேக் என்பதைக் குறி என்றும், ஸ்லாஷைச் சாய்கோடு என்றும், தொடக்கக்குறியும் உள்ளடக்கமும் முடிவுக்குறியும் சேர்ந்த முழுமையை உறுப்பு என்றும் சொல்கிறேன்.

விதியை முதலிலேயே சொல்லிவிடலாம். வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்ரிஎம்எல்லில் ஓர் உறுப்பு தன்னுள்ளே எதையேனும் ஏற்குமா, ஏற்காதா என்பதை அதன் பெயர் தீர்மானிக்கிறது. சாய்கோட்டுக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. எவ்வகைத் தரவையும் நாமே பெயரிட்ட குறிகளால் எழுதும் எக்ஸ்எம்எல்லில் சாய்கோடு தீர்மானிக்கிறது. பெயர் என்னவென்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல. தம்மைத்தாமே மூடும் குறிகளைப் பற்றிக் காணப்படும் முரண்பட்ட அறிவுரைகளிற் பெரும்பாலானவை, இவ்விரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசத் தொடங்கியதால் விளைந்தவை.

எச்ரிஎம்எல்லைப் படிக்கும் உலாவியினுள்ளே (பாடநூல்கள் மேலோடி என்பதும் நாங்கள் பேச்சில் பிரவுசர் என்பதும் இதைத்தான்) சில பெயர்கள் நிலையாகப் பதிந்திருக்கின்றன. இன்றைய நியமத்தின்படி அவை 13: ஏரியா, பேஸ், பிஆர், கொல், எம்பெட், எச்ஆர், ஐஎம்ஜி, இன்புட், லிங்க், மெட்டா, சோர்ஸ், ட்ராக், டபிள்யூபிஆர். இவற்றை வெற்றுறுப்புகள் என்கிறோம். இவற்றுக்கு உள்ளடக்கம் இல்லை, முடிவுக்குறியும் இல்லை. தொடக்கக்குறியைப் படித்த கணமே உலாவி அந்த உறுப்பை முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். ஆகவே <பிஆர்> என்று எழுதினாலும் <பிஆர்/> என்று எழுதினாலும் <பிஆர் /> என்று இடம்விட்டு எழுதினாலும் கிடைப்பது ஒரே வரிமுறிவுதான். அங்கே சாய்கோடு அனுமதிக்கப்பட்டது, ஆனால் தேவையற்றது, எவ்வித விளைவும் அற்றது என்று நியமமே வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள டிவ், ஸ்பான், ஸ்கிரிப்ட், பி போன்ற எந்த எச்ரிஎம்எல் உறுப்புக்கும் முடிவிற் சாய்கோடிட்டால் அது பிழை. உலாவி அந்தப் பிழையைப் பற்றி வாய் திறப்பதில்லை. சாய்கோட்டைக் காணாததுபோல் விட்டுவிட்டு, வெறும் தொடக்கக்குறியாக எடுத்துக்கொண்டு, உறுப்பைத் திறந்தபடியே வைத்திருக்கும்.

இவ்வளவு எளிய விதி இத்தனை குழப்பமானதன் வேர் பழையது. 1991இல் ரிம் பேர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுகூடத்திலிருந்து எச்ரிஎம்எல்லை அறிமுகப்படுத்தியபோது, அதன் குறிகளை எஸ்ஜிஎம்எல் என்ற முந்தைய மொழியின் சாயலில் அமைத்தார். 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற எண்ணுடன் சர்வதேச நியமமான அம்மொழி, பெருந்தொகையான ஆவணங்களை ஒழுங்காகக் கையாள்வதற்கென எழுந்தது. 1995 நவம்பரில் வெளிவந்த எச்ரிஎம்எல் 2.0 தன்னை எஸ்ஜிஎம்எல்லின் ஒரு பயன்பாடு என்றே அறிவித்துக்கொண்டது. எஸ்ஜிஎம்எல் ஆவணமொன்றைப் படிக்கும் நிரல், அந்த ஆவண வகைக்குரிய வரையறையை முதலிற் படித்திருக்க வேண்டும். எது வெற்றுறுப்பு, எதன் முடிவுக்குறியை எழுதாமல் விடலாம் என்பனவெல்லாம் அந்த வரையறையிலேயே இருந்தன. எனவே இது வெற்று என்பதை எழுத்திற் காட்டவேண்டிய தேவையே எழவில்லை.

சாய்கோட்டுக்கு எஸ்ஜிஎம்எல்லில் முற்றிலும் வேறான ஒரு பணி இருந்தது. அது தட்டச்சு வேலையைக் குறைக்கும் ஒரு சுருக்கு வழி: ஈஎம் என்ற குறிக்குள் வணக்கம் என்ற சொல்லை வைக்க விரும்பினால் <ஈஎம்/வணக்கம்/ என்று எழுதலாம். முதற்சாய்கோடு தொடக்கக்குறியை முடித்துவைக்கும். இரண்டாவது சாய்கோடு முடிவுக்குறியின் இடத்தில் நிற்கும். எச்ரிஎம்எல் 4 வரைக்கும் இந்தச் சுருக்கு ஏட்டளவில் செல்லுபடியாகவே இருந்தது. அதன்படி <பிஆர்/> என்பதைப் படித்தால், சாய்கோட்டோடு குறி முடிந்துவிட, எஞ்சிய அம்புமுனை பக்கத்தின் உரையாகிவிடும். ஒவ்வொரு வரிமுறிவுக்கும் பின்னே திரையில் ஒரு > தோன்றியிருக்க வேண்டும். பெயர்பெற்ற உலாவிகள் எவையும் அந்தச் சுருக்கு வழியை நடைமுறைப்படுத்தாததால் யாரும் அந்த அம்புமுனையைக் காணவில்லை. ஆனால் பக்கங்களைச் சரிபார்க்கும் கருவிகள் விதிநூற்படியே நடந்தன. எச்ரிஎம்எல் 4.01 என்று அறிவித்த பக்கத்தின் தலைப்பகுதியில் லிங்க் குறிக்குச் சாய்கோடு இட்டால், அந்த அம்புமுனையை உரை என்று கொண்டு, தலைப்பகுதி அத்தோடு முடிந்து உடற்பகுதி தொடங்கிவிட்டதாக முடிவுசெய்து, கீழேயுள்ள மெட்டாக்கள் அனைத்தும் இடம் மாறி நிற்கின்றன என்று சரிபார்ப்பான் முறையிடும். பிழை ஒரு வரியில், முறைப்பாடு பத்து வரி தள்ளி. அக்காலத்தில் இதனோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

1998 பெப்ரவரி 10ஆம் திகதி வெளிவந்த எக்ஸ்எம்எல் 1.0, எஸ்ஜிஎம்எல்லின் இந்த முன்நிபந்தனையையே கழற்றிவிட முனைந்தது. ஆவண வகையின் வரையறை கையில் இல்லாத நிரலும், குறிகளின் பெயர்களை ஒருபோதும் கேள்விப்பட்டிராத நிரலும்கூட, ஓர் ஆவணத்தின் அமைப்பை ஐயமின்றிப் படிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். பெயர் தெரியாத நிரலுக்கு எது வெற்று என்று தெரிவது எப்படி? எழுத்திலேயே காட்டினாலன்றி வழியில்லை. அதற்காகவே முடிவிற் சாய்கோடிட்ட வெற்றுக்குறி பிறந்தது. எக்ஸ்எம்எல்லில் <அ/> என்பதும் <அ></அ> என்பதும் பொருளில் ஒன்றே. இரண்டுமின்றி வெறும் <அ> என்று விட்டுவிட்டால் ஆவணம் முழுவதும் செல்லாது. சாய்கோடு அலங்காரத்துக்காக வந்ததன்று, அறிமுகமில்லாத வாசகனுக்காக வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். எச்ரிஎம்எல் படிக்கும் உலாவி அறிமுகமில்லாத வாசகனன்று. அதற்கு 13 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

இரண்டு மொழிகளையும் ஒன்றாக்க நினைத்த முயற்சியிலேயே கோணல் தொடங்கியது. 2000 ஜனவரி 26ஆம் திகதி நியமமான எக்ஸ்எச்ரிஎம்எல் 1.0, எச்ரிஎம்எல்லின் குறிகளை எக்ஸ்எம்எல்லின் இலக்கணத்தில் மீள எழுதியது. பழைய உலாவிகளிலும் பக்கம் தெரியவேண்டும் என்பதற்காக அதன் பின்னிணைப்பு சி சில ஆலோசனைகளைத் தந்தது: வெற்றுறுப்பின் சாய்கோட்டுக்கு முன் ஓரிடம் விடுக, வெற்றுறுப்பல்லாத ஒன்றின் உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் அதைச் சுருக்கி மூடாது முடிவுக்குறியை முழுமையாக எழுதுக. நம்மவர் கோப்புகளில் இன்றும் காணப்படும் <பிஆர் /> என்ற அந்த இடைவெளி இங்கிருந்து வந்ததே. இடம்விடாமல் எழுதினால் சில பழைய உலாவிகள் சாய்கோட்டையும் சேர்த்துக் குறியின் பெயராக எடுத்துக்கொண்டன. இன்றைய உலாவிகளுக்கு அந்த இடைவெளி தேவையில்லை. இரண்டாவது ஆலோசனை அதைவிட முக்கியமானது. ஆனால் அதைத்தான் மிகப் பலர் படிக்கவில்லை.

பக்கத்தின் உச்சியில் எக்ஸ்எச்ரிஎம்எல் என்று டொக்டைப் (ஆவண வகையை அறிவிக்கும் வரி) எழுதிவிட்டால் உலாவி அதை எக்ஸ்எம்எல்லாகப் படிக்கும் என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது, நானும் நம்பினேன். உண்மையில் எந்த இலக்கணத்தைக் கையில் எடுப்பது என்பதை உலாவி தீர்மானிப்பது, சேவையகம் கோப்போடு அனுப்பும் உள்ளடக்க வகையைப் பார்த்தே. டெக்ஸ்ட்/எச்ரிஎம்எல் என்று வந்தால், டொக்டைப் எதுவானாலும் அது எச்ரிஎம்எல்லே. எக்ஸ்எம்எல்லாகப் படிக்கவேண்டுமானால் அப்ளிகேஷன்/எக்ஸ்எச்ரிஎம்எல்+எக்ஸ்எம்எல் என்று அனுப்பவேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை ஏற்கத் தொடங்கியது 2011இல் வந்த 9ஆம் பதிப்பிலேதான். அதனால் 2000க்குப் பின் வந்த பத்தாண்டுகளில் எக்ஸ்எச்ரிஎம்எல் என்ற பெயரில் எழுதப்பட்ட பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை, எழுதியவரின் எண்ணத்தில் எக்ஸ்எம்எல்லாகவும் உலாவியின் கையில் எச்ரிஎம்எல்லாகவுமே வாழ்ந்தன. சாய்கோடுகள் எல்லாம் சத்தமின்றிப் புறக்கணிக்கப்பட்டன. பக்கம் சரியாகத் தெரிந்ததால் சாய்கோடுதான் மூடுகிறது என்ற எண்ணம் ஒரு தலைமுறைக்கே கைப்பழக்கமாயிற்று.

பின்னர் நடந்தது சுருக்கமானது. 2004இல் அப்பிள், மொசில்லா, ஒபேரா ஆகியவற்றைச் சேர்ந்தோர் இணைந்து எச்ரிஎம்எல்லை அதன் சொந்த இலக்கணத்தோடே வளர்க்கும் குழுவொன்றை அமைத்தனர். 2009இல் எக்ஸ்எச்ரிஎம்எல் 2 கைவிடப்பட்டது. 2014 ஒக்டோபரில் எச்ரிஎம்எல் 5 நியமமாயிற்று. பிழையான குறிகளையும் எல்லா உலாவிகளும் ஒரே விதமாக எப்படிப் படிக்கவேண்டும் என்று எழுத்தெழுத்தாக வரையறுத்தது அதன் பெரும்பணி. கோடிக்கணக்கான பக்கங்களில் ஏற்கெனவே நிறைந்திருந்த சாய்கோடுகளை அது வெற்றுறுப்புகளில் மன்னித்து ஏற்றுக்கொண்டது.

மன்னிப்புக் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு மும்மொழித் தளத்தில். கொழும்பில் பொதுமக்களுக்கென ஆக்கப்படும் தளங்கள் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று முகங்களோடு வருவன. ஒரே வார்ப்புருவிலிருந்து மூன்று பக்கங்கள் பிறக்கும். அன்றைக்குச் சிங்களப் பக்கம் திறந்தது, ஆங்கிலப் பக்கம் திறந்தது, தமிழ்ப் பக்கம் மட்டும் வெறும் வெள்ளையாக நின்றது. தமிழ் தெரியவில்லை என்றால் நம் ஊரில் முதலிற் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது எழுத்துருதான். யூனிக்கோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவின் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம், யூனிக்கோட் குறியேற்றத்தைச் சோதித்தோம், தரவுத்தளத்தைச் சந்தேகித்தோம். அரைநாள் போயிற்று. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் தமிழுரை முழுவதும் ஓரெழுத்துக் குறையாமல் அங்கே இருந்தது. திரையில் மட்டும் இல்லை. தமிழ்ப் பக்கத்தின் தலைப்பகுதியில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. தேடற்பெட்டியில் தமிழிற் தட்டச்சுச் செய்ய உதவும் நிரலை அழைக்கும் வரி அது. <ஸ்கிரிப்ட்> குறியை முடிவிற் சாய்கோடிட்டு மூடியிருந்தது. அதை எழுதியவன் நான்.

அங்கே நிகழ்வது இதுதான். ஸ்கிரிப்ட் என்ற தொடக்கக்குறியைக் கண்டதும் உலாவி தன் படிக்கும் முறையையே மாற்றிக்கொள்கிறது. அதன்பின் வருவன குறிகள் அல்ல, நிரல்வரிகள் என்று கொண்டு, </ஸ்கிரிப்ட்> என்ற முடிவுக்குறியைக் காணும்வரை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே போகும். சாய்கோடு புறக்கணிக்கப்பட்டதால் அந்த முடிவுக்குறி வரவேயில்லை. உடற்பகுதி, தலையங்கம், பட்டி, உரை எல்லாம் நிரலின் வயிற்றுக்குள் போயின. கோப்பு முடிந்தபின்னாவது அந்த நிரல் ஓடியதா என்றால் அதுவும் இல்லை. முடிவுக்குறி இன்றியே கோப்பு முடிந்துவிட்ட நிரலை ஓட்டக்கூடாது என்பது விதி. தலைப்பகுதியில் அதற்கு மேலே இருந்த தலைப்பு மட்டும் உலாவியின் தாவலில் அழகாகத் தெரிந்துகொண்டிருந்தது. பக்கம் வந்துவிட்டது என்று எங்களை நம்பவைத்ததும் அதுதான். கீழே எங்காவது வேறொரு ஸ்கிரிப்ட் முறையாக மூடப்பட்டிருந்தால், அங்கிருந்து பக்கம் திடீரென்று தோன்றியிருக்கும். அரைப்பக்கம் தெரிவது முழுவதும் தெரியாததைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

இதே இயல்புடைய இன்னும் சில உண்டு. இடவரைபடத்தையோ காணொளியையோ பக்கத்திற் பதிக்கும் ஐஃப்ரேமைச் சாய்கோட்டால் மூடினால், வரைபடம் தெரியும். அதற்குக் கீழேயுள்ள தொலைபேசி எண்ணும் அடிக்குறிப்பும் மறைந்துவிடும். படிவத்தில் டெக்ஸ்ட்ஏரியாவை அப்படி மூடினால், மீதிப் பக்கம் முழுவதும் குறிகளோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள் உரையாக வந்து உட்காரும். பார்த்தவுடன் பிழை தெரிந்துவிடுவதால் இது ஒருவகையில் நல்ல பிழை. சின்னங்களை இடுவதற்கு வெற்று ஐ குறியைப் பயன்படுத்துவோர் <ஐ/> என்று முடித்தால், அதற்குப் பின்வரும் எழுத்தெல்லாம் சாய்வெழுத்தாகும். பத்தி முடிந்தாலும் விடாது. சாய்வு, தடிப்பு போன்ற எழுத்தலங்கார உறுப்புகள் மூடப்படாமல் நின்றால், அடுத்த பத்தியிலும் அதற்கடுத்த பத்தியிலும் உலாவி அவற்றை மறுபடி மறுபடி திறந்துகொடுக்கும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனியே வரைந்த சாய்வெழுத்து இல்லாமையால், உலாவி நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கும். கொம்பும் சுழியும் காற்றிற் சாய்ந்த வாழைபோல நிற்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கண்டால், மூலத்தில் எங்கோ ஒரு <ஐ/> இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள்.

முடிவுக்குறியைப் பற்றியும் ஒன்று. வெற்றுறுப்புக்கு முடிவுக்குறி இல்லை என்றேன். ஆனாலும் சிலர் பக்குவமாக <பிஆர்></பிஆர்> என்று எழுதுவதுண்டு. எக்ஸ்எம்எல்லாகப் படித்தால் அது ஒரு வரிமுறிவு. எச்ரிஎம்எல்லாகப் படித்தால் இரண்டு, ஏனெனில் தனியாக நிற்கும் </பிஆர்> என்பதையும் உலாவி ஒரு வரிமுறிவாகவே கொள்ளவேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரே எழுத்துகள், ஒரே கோப்பு, படிக்கும் இலக்கணத்துக்கேற்ப எண்ணிக்கை மாறுகிறது. சாய்கோட்டின் திசையைத் தவறவிட்டுப் பின்சாய்கோடு இடுவோருக்கு வேறு விளைவு: <பிஆர்\> என்பதில் பின்சாய்கோடு பெயரோடு ஒட்டி, யாருக்கும் தெரியாத புதிய உறுப்பொன்று பிறந்துவிடும், வரி முறியாது.

தீங்கற்றது என்று சொன்ன வெற்றுறுப்புச் சாய்கோடும் ஓரிடத்திற் கடிக்கும். எச்ரிஎம்எல்லில் பண்புகளின் (குறியினுள் பெயர்=மதிப்பு என்று எழுதப்படுவன) மதிப்பை மேற்கோட்குறியின்றி எழுத அனுமதியுண்டு. அப்படி எழுதி, மதிப்பை ஒட்டியே சாய்கோட்டையும் இட்டால், சாய்கோடு மதிப்பின் பகுதியாகிவிடும். <ஐஎம்ஜி எஸ்ஆர்சி=சின்னம்.பிஎன்ஜி/> என்ற குறி, சேவையகத்திடம் சின்னம்.பிஎன்ஜி/ என்ற இல்லாத கோப்பைக் கேட்கும். மேற்கோட்குறி இட்டிருந்தால் இது நேராது. இன்றைய சரிபார்ப்புக் கருவி வெற்றுறுப்பிற் சாய்கோட்டைக் கண்டால் பிழையென்று சொல்லாமல் ஒரு குறிப்பாக மட்டும் எச்சரிப்பது இதற்காகத்தான்.

சாய்கோடு உண்மையிலேயே வேலை செய்யும் இடங்களும் எச்ரிஎம்எல் பக்கத்தின் உள்ளேயே இருக்கின்றன. எஸ்விஜி ஓவியங்களும் மாத்எம்எல் கணிதமும் எச்ரிஎம்எல் பக்கத்தினுள் நேரடியாக எழுதப்படும்போது, அந்தப் பகுதிக்குள் மட்டும் உலாவி சாய்கோட்டை மதிக்கிறது. இலங்கை வரைபடத்தை எடுத்துக்கொள்வோம்: 25 மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோட்டை வரையும் பாத் குறி ஒன்று, ஒவ்வொன்றும் சாய்கோட்டால் மூடப்பட்டிருக்கும். எச்ரிஎம்எல்லிற் சாய்கோடு தேவையில்லை என்று எங்கோ படித்த ஒருவர் அவற்றையெல்லாம் தேடி நீக்கிவிட்டால், இரண்டாம் மாவட்டம் முதல் மாவட்டத்தின் உள்ளேயும், மூன்றாவது இரண்டாவதன் உள்ளேயுமாக 25 அடுக்குகள் ஒன்றினுள் ஒன்றாகிவிடும். ஒரு பாத்தினுள் இருக்கும் இன்னொரு பாத் வரையப்படுவதில்லை. பட்டியல் கொழும்பில் தொடங்கினால் திரையில் கொழும்பு மட்டும் தனித்தீவாக நிற்கும். கொழும்பில் இருந்துகொண்டு நாட்டைப் பார்ப்பவர்களைப் பற்றி யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்லும் குறைக்கு நல்லதொரு படம் என்று வகுப்பிற் சிரித்துக்கொள்வோம்.

மின்னூல் ஆக்குவோர் வேறு உலகில் இருக்கிறார்கள். இபப் 3 என்ற மின்னூல் வடிவத்தில் அமைந்த நூலின் உள்ளேயுள்ள பக்கங்கள் எக்ஸ்எம்எல் இலக்கணத்தில் அமைந்த எச்ரிஎம்எல்லாகவே இருக்கவேண்டும். அங்கே <பிஆர்> என்று விட்டால் அது தவறான கோப்பு. வலைப்பக்கத்திலிருந்து ஒரு சிறுகதையை அப்படியே எடுத்து மின்னூலில் ஒட்டும்போது நேரும் பிழைகளில் சாய்கோடு இல்லாத பிஆர், ஐஎம்ஜி, எச்ஆர் ஆகியவையே முன்னிற்கும். செய்தியோடைகளும் தேடுபொறிகளுக்கான தளவரைபடங்களும் இதே ரகம்.

விக்கிக்கு இரு மரபுகளும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவிற் தொகுப்போர், ஏற்கெனவே பெயரிட்ட மேற்கோளை மறுபடி அழைக்கும்போது <ரெஃப்> குறியைச் சாய்கோட்டால் மூடியாகவேண்டும். அது எச்ரிஎம்எல் குறியன்று, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் சொந்தக் குறி. ஆனால் அதே கட்டுரையில் <ஸ்பான்/> என்றோ <டிவ்/> என்றோ எழுதினால் அது பிழைப்பட்டியலிற் சேரும். 2018இல் விக்கிமீடியா தளங்கள் டைடி என்ற பழைய திருத்துநிரலைக் கைவிட்டு எச்ரிஎம்எல் 5இன் இலக்கணப்படி நடக்கும் நிரலுக்கு மாறியபோது, தம்மைத்தாமே மூடிய குறிகளுக்கென்று தனிப் பிழைவகையே இருந்தது.

அக்காவின் ரியாக்ட் கோப்புக்கு வருவோம். 2013இல் பேஸ்புக் நிறுவனம் திறந்துவிட்ட ரியாக்ட், ஜேஎஸ்எக்ஸ் என்ற எழுத்துமுறையைப் பயன்படுத்துகிறது. பார்வைக்கு அது எச்ரிஎம்எல்; உண்மையில் அது ஜாவாஸ்கிரிப்ட் அழைப்புகளாக மாற்றப்படும், ஜாவாஸ்கிரிப்டின் ஒரு நீட்சி; அதன் இலக்கணம் எக்ஸ்எம்எல்லைப் பின்பற்றியது. எனவே <பிஆர்> என்று விட்டால் நிரல் தொகுபடாது. <டிவ்/> என்று எழுதினால் முறையாக மூடும். ரியாக்ட் அதையே சேவையகத்தில் எச்ரிஎம்எல்லாக மாற்றி அனுப்பும்போது <டிவ்></டிவ்> என்று விரித்தே அனுப்புகிறது, ஏனெனில் எதிர்முனையிலிருக்கும் உலாவியின் விதி அதற்குத் தெரியும். ரியாக்டைப் போன்ற இன்னொரு தொகுப்பான வியூவிலும் ஏறக்குறைய இதுதான் நிலை: தனிக்கோப்பாக எழுதும் கூறுகளிற் சாய்கோடு செல்லும், ஆனால் வார்ப்புருவை எச்ரிஎம்எல் பக்கத்திலேயே நேரடியாக எழுதினால், வியூவின் கைக்குப் போகுமுன் உலாவி அதைப் படித்துவிடுவதால் செல்லாது. அதே வகையைச் சேர்ந்த ஸ்வெல்ட் தன் 5ஆம் பதிப்பிலிருந்து, வெற்றுறுப்பல்லாத எச்ரிஎம்எல் குறிகளைச் சாய்கோட்டால் மூடினால் எச்சரிக்கிறது. இன்று நேரே ரியாக்டில் தொடங்கும் பிள்ளைகள், எச்ரிஎம்எல்லை அதற்குப் பிறகு கற்கிறார்கள். <டிவ்/> என்ற பழக்கத்தோடு வெறும் பக்கமொன்றை எழுத உட்காரும்போது, பக்கத்தின் பின்பாதி முழுவதும் அந்த டிவ்வின் உள்ளே குடியேறி, நிறமும் அகலமும் குலைந்துபோவதற்கு விளக்கம் கேட்டு வருகிறார்கள்.

என்னிடம் கருத்துக் கேட்டால், வெறும் எச்ரிஎம்எல் கோப்பில் வெற்றுறுப்புகளுக்குச் சாய்கோடு இடாமலிருப்பதையே விரும்புவேன். இடுவது பிழை என்பதால் அல்ல. பத்துத் தடவை பிஆருக்கும் ஐஎம்ஜிக்கும் சாய்கோடிட்டுப் பழகிய கை, பதினோராவது தடவை ஸ்கிரிப்டுக்கும் இடும். என் கை இட்டதுபோல. பிரெட்டியர் போன்ற ஒழுங்குபடுத்தும் கருவி பிஆருக்குத் தானாகவே சாய்கோட்டைச் சேர்க்குமானால், அதனோடு போராடவேண்டியதில்லை; ஒரு குழு முழுவதும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதன் வசதி பெரிது. பழைய கோப்புகளில் இருப்பவற்றைத் தேடித்தேடி நீக்குவது வீண்வேலை, இலங்கை வரைபடத்திற் கண்டபடி ஆபத்தான வேலையும்கூட. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்காக எச்ரிஎம்எல் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, 13 பெயர்களையும் மனனம் செய்யத் தேவையில்லை, உள்ளே எதையாவது வைக்கமுடியுமா என்று ஒவ்வொரு குறியிடமும் கேட்டுப் பாருங்கள் என்பதுதான். வரிமுறிவின் உள்ளே எதை வைப்பது? படிவத்தின் எழுத்துப்பெட்டியோ, நிரலோ அப்படியல்ல.

இனி, தமிழெழுத்து. ஒரு வலைத்தளத்தின் முகவரியைத் தமிழில் எழுத நமக்கு 2010 முதல் .இலங்கை என்ற மேல்நிலை ஆள்களப் பெயர் இருக்கிறது. குறிகளின் பெயரைத் தமிழில் எழுத முடியாதா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். எக்ஸ்எம்எல்லில் முடியும், 1998இன் முதற்பதிப்பிலிருந்தே. <நூல்/> என்பது எக்ஸ்எம்எல்லிற் குறையற்ற வெற்றுறுப்பு. பெயரை அறியாத நிரலும் படிக்கவேண்டும் என்ற அந்த மொழிக்குப் பெயர் எந்த எழுத்தில் இருந்தால் என்ன? எச்ரிஎம்எல்லிலோ அம்புமுனையை அடுத்து உரோம எழுத்து வந்தாற்றான் அது குறியாகும். அவள் வகுப்பிலேயே <நூல்> என்று தொடங்கி </நூல்> என்று முடித்துப் பார்த்தாள். தொடக்கக்குறி திரையில் அப்படியே எழுத்தாகத் தெரிந்தது, முடிவுக்குறியைக் காணவில்லை. தமிழெழுத்திற் தொடங்கும் முடிவுக்குறியை உலாவி ஒரு கருத்துரையாக மாற்றி ஒளித்துவிடும் என்ற விதி அதற்குக் காரணம். அந்த விதியை அன்றைக்கு நானும் போய்ப் பார்த்துத்தான் அறிந்தேன்.

நாமே ஆக்கிக்கொள்ளும் தனிப்பயன் உறுப்புகளில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. அவற்றின் பெயர் சிறிய உரோம எழுத்திற் தொடங்கி நடுவில் ஓர் இணைகோட்டைக் கொண்டிருந்தால் போதும். அதற்குப் பின் தமிழெழுத்துகள் வரலாம். எக்ஸ் என்ற எழுத்தை உரோமத்திலும் நூல் என்பதைத் தமிழிலும் தட்டச்சுச் செய்து <எக்ஸ்-நூல்> என்று அவள் ஓர் உறுப்பு ஆக்கினாள். அது உள்ளே எதுவும் இல்லாமல் தன் வேலையைச் செய்யும் உறுப்பு என்பதால் <எக்ஸ்-நூல்/> என்று மூடினாள். அதற்குக் கீழேயிருந்த பட்டியல் முழுவதும் அந்த நூலுக்குள் போய்விட்டது. 13 பெயர்களில் அது இல்லையே. </எக்ஸ்-நூல்> என்று முடிவுக்குறியை முழுமையாக எழுதியபிறகே பட்டியல் வெளியே வந்தது.